5ஜி வருவதற்கு 127 ஆண்டுகளுக்கு முன்பே அந்த அலையைப் பிடித்தவர்: யார் இந்த ஜெகதீஷ் சந்திர போஸ்? குமரிக் கடலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

2017 நவம்பர் 30. கொல்கத்தாவில் உள்ள போஸ் ஆய்வு நிறுவனத்துக்கு அன்றோடு 100 வயது. அதை நிறுவிய விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸின் பிறந்தநாளும் அதே தேதிதான்.

அதே நாள் காலையில்தான் குமரிக் கடலில் ஒக்கி புயல் உருவானது. கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. வாழையும் ரப்பரும் முறிந்து விழுந்தன. ஆனால் பெரிய இழப்பு கடலில் நடந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை உள்ளிட்ட ஊர்களைச் சேர்ந்த மீனவர்கள் பல நாள் தங்கி மீன்பிடிக்க ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்களில் பலருக்குப் புயல் எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செல்போனில் சிக்னல் கிடையாது. பலர் வீடு திரும்பவில்லை.

தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் ஒரு சம்பந்தம் இருக்கு. இன்று 5ஜி, 6ஜி என்று பேசப்படும் மில்லிமீட்டர் அலைகளை உலகிலேயே முதன்முதலில் உருவாக்கி, பிடித்து, சோதித்துக் காட்டியவர் போஸ். அந்த அலைக்கு இருக்கும் பலம் என்ன, பலவீனம் என்ன என்பதுதான், ஒக்கி நாளில் நடுக்கடலில் செல்போன் ஏன் வெறும் டப்பாவாக இருந்தது என்பதையும் புரியவைக்கும்.

மீனவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்

போஸ் பிறந்தது 1858ல், இப்போது வங்கதேசத்தில் இருக்கும் பகுதியில். அப்பா பகவான் சந்திர போஸ், ஆங்கிலேய அரசில் துணை மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதைத்தான் கௌரவமாக நினைத்தார்கள். பகவான் சந்திரரோ மகனை வங்க மொழிப் பள்ளியில் சேர்த்தார். முதலில் தாய்மொழி, சொந்த மக்கள். ஆங்கிலம் அப்புறம் என்பது அவருடைய முடிவு.

வகுப்பில் போஸுக்கு ஒரு பக்கம் அப்பாவிடம் வேலை பார்த்த முஸ்லிம் ஊழியரின் மகன். இன்னொரு பக்கம் ஒரு மீனவரின் மகன். பறவைகள், விலங்குகள், தண்ணீரில் வாழும் உயிர்கள் பற்றி அந்தப் பிள்ளைகள் சொன்ன கதைகள்தான் இயற்கையைத் தேடிப் பார்க்கும் ஆசையைத் தன்னிடம் விதைத்தன என்று பல வருஷம் கழித்துப் போஸே நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிறகு கொல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே பாதிரியார் லஃபோன் நடத்திய செயல்முறை விளக்கங்கள் அவரை இயற்பியல் பக்கம் இழுத்தன. 1880ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். அடிக்கடி வந்த காய்ச்சலால் அந்தப் படிப்பைத் தொடர முடியவில்லை. கேம்பிரிட்ஜுக்கு மாறி இயற்கை அறிவியல் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ராலே பிரபு.

மூன்று வருஷம் சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885ல் கொல்கத்தா மாகாணக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் ஒரு சிக்கல். ஐரோப்பியப் பேராசிரியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் பதவி தற்காலிகம் என்பதால் அதிலும் பாதிதான். அதாவது, அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு சம்பளம்.

போஸ் சண்டை போடவில்லை, வேலையை விடவும் இல்லை. சம்பளத்தைத் தொட மறுத்துவிட்டார். மூன்று வருஷம் ஒரு பைசா வாங்காமல் பாடம் நடத்தினார். அப்பா தொழிலில் நஷ்டப்பட்டு வீட்டில் கடன் இருந்த நேரம் அது. இதற்கு நடுவில் 1887ல் அபலா தாஸைக் கல்யாணம் செய்தார். அபலா நம்ம சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். உடல்நலம் ஒத்துழைக்காததால் படிப்பைப் பாதியில் விட்டவர். பிற்காலத்தில் பெண்கல்விக்காகப் பெரிய அளவில் உழைத்தார்.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தை, முன்தேதியிட்டு மொத்தமாகக் கொடுத்தது. அந்தப் பணம் குடும்பக் கடனை அடைக்கப் போனது.

கம்பி இல்லாமல் அடித்த மணி

ஜெர்மனி விஞ்ஞானி ஹெர்ட்ஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் இருப்பதை 1880களில் நிரூபித்திருந்தார். 1894 தொடக்கத்தில், 36 வயதில் அவர் இறந்துபோனார். அவர் விட்ட இடத்திலிருந்து ஆராய்ச்சி செய்ய ஐரோப்பாவில் பலர் கிளம்பினார்கள். கொல்கத்தாவில் கிளம்பியவர் போஸ்.

அவருக்குத் தனி ஆய்வகம் கிடையாது. கல்லூரியில் ஒரு சின்ன அறை, கருவி செய்துகொடுக்க உள்ளூர்க் கைவினைஞர், செலவுக்குச் சொந்தப் பணம். வகுப்பு முடிந்த பிறகுதான் ஆராய்ச்சி.

1895ல் கொல்கத்தாவில் பொதுமக்கள் முன்னால் செய்து காட்டினார். எந்தக் கம்பியும் இணைக்காமல், தூரத்தில் இருந்த மணி அடித்தது, வெடிமருந்து பற்றியது. அதே வருஷம் மே மாதம் இந்த அலைகள் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரையை வங்க ஆசியச் சங்கத்தில் படித்தார்.

அலையைச் சின்னதாக்கியது எதுக்கு?

போஸின் தனித்தன்மை இங்கேதான் இருக்கு. ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. சில, மீட்டர் கணக்கில் இருந்தன. அலை நீளமாக இருந்தால் கருவியும் பெரிசாக இருக்கணும். போஸ் அலையின் நீளத்தை 5 மில்லிமீட்டர் வரைக்கும் குறைத்தார். ஒரு நெல்மணியைவிடக் குட்டி. இன்றைய கணக்கில் அது 60 ஜிகாஹெர்ட்ஸ்.

அலை சின்னதானதும் முழு ஆய்வகமும் ஒரு மேஜைக்குள் அடங்கியது. அலையைக் குவித்து ஒரே பக்கம் அனுப்பவும் வாங்கவும் புனல் மாதிரி ஒரு குழாய் செய்தார். இன்று அதற்கு ஹார்ன் ஆன்டெனா என்று பெயர். அலையை வளைக்கப் பட்டகம், குவிக்க வில்லை எல்லாம் அவரே செய்தார். அலையின் அதிர்வுத் திசையைச் சோதிக்க முறுக்கிய சணலைப் பயன்படுத்தினார். இன்னொரு தடவை, ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையில் தகரத் தாளைச் செருகி, அதையே கருவியாக்கினார். கலீனா என்ற ஈயத் தாதுவை வைத்து அலையைக் கண்டுபிடிக்கும் கருவியும் செய்தார். அரைக்கடத்தியைப் பயன்படுத்திய மிகப் பழைய கருவிகளில் அது ஒன்று.

1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தன் கருவிகளை இயக்கிக் காட்டினார். 1900ல் பாரிஸ் இயற்பியல் மாநாட்டுக்குப் போனார். அப்போது பாரிஸில் இருந்த இன்னொருவர், 1892 டிசம்பரில் கன்னியாகுமரி கடற்பாறையில் தியானம் செய்த விவேகானந்தர். அந்தச் சபையில் போஸ் பெற்ற பாராட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டு அவர் எழுதியும் வைத்தார். விவேகானந்தரின் சீடர் நிவேதிதா பின்னாளில் போஸின் நூல்களைத் தயாரிக்க உதவினார்.

காப்புரிமை வேண்டாம் என்றது ஏன்?

1901ல் லண்டனில் இருந்தபோது ஒரு தந்தி நிறுவன முதலாளி போஸைத் தேடி வந்தார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுப்போம், பணம் நான் போடுகிறேன், லாபத்தில் பங்கு என்பது அவருடைய பேரம். போஸ் மறுத்துவிட்டார். இந்தப் பணத்தாசைக்குள் ஒருமுறை கால் வைத்தால் வெளியே வர முடியாது என்ற பொருளில் நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதினார்.

நண்பர்கள் விடவில்லை. விவேகானந்தரின் அமெரிக்கச் சீடர் சாரா புல் வற்புறுத்தியதால் கலீனா கருவிக்கு மட்டும் அமெரிக்காவில் விண்ணப்பம் போனது. 1904ல் காப்புரிமையும் கிடைத்தது. போஸ் அதை வைத்து ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. அப்படியே காலாவதியாக விட்டுவிட்டார்.

இதில் அவருக்கு நஷ்டமே இல்லையா? இருந்தது. 1901 டிசம்பரில் மார்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி சிக்னல் வாங்கியபோது பயன்படுத்திய பாதரசக் கருவி, போஸ் 1899ல் ராயல் சொசைட்டியில் வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து வந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. 1909ல் மார்கோனிக்கு நோபல் கிடைத்தது. போஸின் பெயர் எங்கேயும் வரவில்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லணும். சமூக வலைதளங்களில் சுற்றுவது மாதிரி போஸ் செல்போனைக் கண்டுபிடிக்கவில்லை. குரலையோ படத்தையோ அனுப்பவும் இல்லை. மார்கோனி பிடித்தது நீள அலையை. அது கடலைத் தாண்டும். போஸ் பிடித்தது குட்டி அலை. அது தூரம் போகாது. அன்றைக்குக் கப்பலுக்குத் தகவல் அனுப்ப நீள அலைதான் தேவைப்பட்டது. அதனால் போஸின் அலையைப் பல பத்தாண்டுகள் யாரும் பெரிசாகக் கண்டுகொள்ளவில்லை.

செடி பக்கம் திரும்பினார்

1900க்குப் பிறகு போஸின் கவனம் மாறியது. கருவியில் இருக்கும் உலோகம் தொடர்ந்து வேலை செய்தால் களைத்துப்போவது மாதிரி தெரிந்தது. கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் பழையபடி ஆனது. அப்போ செடிக்கு எப்படி இருக்கும்? இந்தக் கேள்வி அவரைத் தாவர ஆராய்ச்சிக்குக் கொண்டுபோனது. செடியின் வளர்ச்சியைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். அவருடைய சில முடிவுகளை அந்தக் காலத்து விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. கடும் எதிர்ப்பும் இருந்தது.

1917ல் சர் பட்டம் வந்தது. அதே வருஷம் நவம்பர் 30ல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே கண்டுபிடிக்கப்படுவது எல்லோருக்கும் பொது, காப்புரிமை எடுக்கக் கூடாது என்பது அவர் வைத்த கொள்கை. 1920ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23ல், 79வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால், கிரிதியில் காலமானார்.

5ஜி-க்குள் போஸ் எங்கே இருக்கிறார்?

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1ல் தொடங்கியது. அதற்கு முன் நடந்த ஏலத்தில் விற்ற அலைவரிசைகளில் முக்கியமானவை மூன்று: 700 மெகாஹெர்ட்ஸ், 3.3 ஜிகாஹெர்ட்ஸ், 26 ஜிகாஹெர்ட்ஸ்.

700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். தூரம் போகும், சுவரைத் தாண்டும். ஆனால் வேகம் குறைவு. 26 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். இது போஸ் சோதித்த அலைகளின் வரம்புக்குள் வருவது. மற்ற இரண்டைவிடப் பல மடங்கு தகவலைச் சுமக்கும். ஆனால் சுவர், மரத்தின் இலை, பெருமழை, நம்ம உள்ளங்கை கூட அதை மறித்துவிடும்.

அலை சின்னதானால் ஆன்டெனாவும் சின்னதாகும் என்பது போஸ் மேஜையிலேயே தெரிந்த விஷயம். அதனால்தான் இன்று கையகலப் பலகையில் பல ஆன்டெனாக்களை அடுக்கி, போன் இருக்கும் பக்கம் மட்டும் அலையைக் குவித்து அனுப்ப முடிகிறது. போஸின் புனல் செய்த வேலையை இப்போ மென்பொருள் செய்கிறது.

போஸின் இந்த ஆய்வுகளை, உலகின் முதல் மில்லிமீட்டர் அலைத் தொடர்புச் சோதனை என்று சர்வதேச மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ 2012ல் மைல்கல்லாக அறிவித்தது.

பேச்சிப்பாறைத் தண்ணீர் மாதிரி ஒரு நெட்வொர்க்

இப்போ நம்ம மாவட்டத்தை யோசித்துப் பாருங்க. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. நடுவில் தென்னை, வாழை, ரப்பர். நெருக்கமான ஊர்கள். இன்னொரு பக்கம் கடல். வருஷத்துக்கு இரண்டு பருவமழை. மில்லிமீட்டர் அலை எதையெல்லாம் தாண்டாதோ, அத்தனையும் இங்கே ஒரே இடத்தில் இருக்கு. நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் அது பிரமாதமாக வேலை செய்யலாம். மலையடிவாரத்துத் தோட்டத்தில் செய்யாது.

அதனால் ஒரே அலை, ஒரே மாதிரி டவர் என்று எல்லா இடத்துக்கும் போட முடியாது. இடத்துக்குத் தகுந்த மாதிரி மாறும் நெட்வொர்க் தேவை. தொழில்நுட்ப உலகில் வளைந்து கொடுக்கும் கட்டமைப்பு என்று பேசுவது இதைத்தான்.

அது எப்படி வேலை செய்யும்? பேச்சிப்பாறை அணையை நினைத்துக்கொள்ளுங்கள். அணைத் தண்ணீர் ஒன்றுதான். கால்வாய், கிளைக் கால்வாய், மடை என்று பிரிந்து போகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ பயிருக்குத் தகுந்தபடி ஷட்டரைத் திறக்கிறார்கள், அடைக்கிறார்கள். தேவை மாறினால் அணையை இடித்துக் கட்டுவதில்லை. ஷட்டரை மாற்றினால் போதும்.

பழைய செல்போன் நெட்வொர்க்கில் ஷட்டரே கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் தனிப்பெட்டி. வேலை மாறினால் பெட்டியை மாற்றணும். 5ஜி-யில் அந்தப் பெட்டிகளின் வேலையை மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஒரே நெட்வொர்க்கை, மருத்துவமனைக்கு ஒரு பங்கு, சினிமா பார்ப்பவருக்கு ஒரு பங்கு, பேரிடர் எச்சரிக்கைக்கு ஒரு பங்கு என்று பிரிக்கலாம். யூடியூப் கூட்டத்தில் எச்சரிக்கை சிக்கிக்கொள்ளாமல் தனி மடையில் அனுப்பலாம். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் திறந்த முறைகளும் வந்திருக்கு. இப்படிப்பட்ட 5ஜி கருவிகளை உள்நாட்டிலேயே சோதிக்க, சென்னை ஐஐடி தலைமையில் 8 நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய சோதனைக் களம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது.

கடைமடை என்பது நடுக்கடல்

அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கடைமடைக்கு வந்தால்தான் விவசாயிக்கு நம்பிக்கை. செல்போன் நெட்வொர்க்குக்குக் கடைமடை, தூத்தூர்க்காரர்கள் வலை வீசும் ஆழ்கடல்தான். அங்கே டவர் நட முடியாது. 26 ஜிகாஹெர்ட்ஸ் அலை கரையைக்கூடத் தாண்டாது. வழி செயற்கைக்கோள் ஒன்றுதான்.

ஒக்கிக்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்கு அனுப்பும் ஜெமினி கருவி 2019 அக்டோபரில் அறிமுகமானது. அதில் செய்தி வரும். ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இருவழித் தொடர்புக்கான டிரான்ஸ்பாண்டர் கருவியை நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இன்னொரு பக்கம், சாதாரண போனும் செயற்கைக்கோளும் நேரடியாகப் பேசுவதற்கான விதிகள் 2022லேயே 5ஜி தரநிலைக்குள் வந்துவிட்டன. 6ஜி-யில் டவரும் செயற்கைக்கோளும் ஒரே நெட்வொர்க்கின் இரண்டு கைகளாக இருக்கும் என்பதுதான் திட்டம்.

தொழில்நுட்பம் தயாராவது ஒரு பாதி. அதைக் கடைமடை வரை கொண்டுபோக யார் செலவு செய்வார் என்பது மறுபாதி. ஆள் நெருக்கம் உள்ள இடத்தில்தான் நிறுவனங்களுக்கு லாபம். நடுக்கடலில் அது கிடையாது. கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொது என்று போஸ் எடுத்த முடிவு இங்கேதான் மறுபடியும் கேள்வியாக நிற்கிறது.

வங்காளத்தில் ஒரு சின்னப் பள்ளியில் மீனவர் மகனிடம் கதை கேட்டு வளர்ந்த பையன், பிற்காலத்தில் 5 மில்லிமீட்டர் அலையைப் பிடித்தான். அந்த அலையின் வழியில் வந்த நெட்வொர்க், வள்ளவிளை மீனவர் மகனிடம் அடுத்த புயலுக்கு முன்னால் போய்ச் சேருமா என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.